ஜிலேபி மீன் நம்ம ஊருக்கு வந்த கதை



மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். கோட்டைக்கும் கோயிலுக்கும் வரலாறு எழுத நிறையப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் பத்தாவதோடு நின்றவள். அதனால் நம்ம அடுப்பங்கரைக்கு வந்து போகிற ஒரு பொருளுக்கு வரலாறு எழுதுகிறேன். ஜிலேபி மீன்தான் அது. சிரிக்காதீங்க. இந்த மீனுக்குப் பின்னால் ஆப்பிரிக்கா இருக்கு, உலக யுத்தம் இருக்கு, அரசாங்கத் தடை இருக்கு. கடைசியில் நம்ம குழுக்கள் எடுக்க வேண்டிய ஒரு முடிவும் இருக்கு.

எங்க மாமியார் சொல்லுவாங்க, அவங்க அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஏரியில் இந்த மீனே கிடையாதாம். கெண்டை, கெளுத்தி, விரால், குரவை, ஆரால், உளுவை, இவ்வளவுதான். “ஜிலேபி எல்லாம் அணை கட்டினதுக்கு அப்புறம் வந்த மீனு” என்பார். படிக்காதவர் சொன்னதுதான், ஆனால் கணக்கு கிட்டத்தட்ட சரியாக வருகிறது. கிருஷ்ணகிரி அணையை 1957-ல் காமராஜர் திறந்து வைத்தார். அதற்கு ஐந்து வருஷத்துக்கு முன்னால்தான் ஜிலேபி இந்தியாவுக்கே வந்தது.

இதன் சொந்த ஊர் ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பக்கம். மொசாம்பிக் என்று ஒரு நாடு, சாம்பசி என்று ஒரு பெரிய ஆறு, அந்தப் பக்கத்து மீன். புத்தகத்தில் இதன் பெயரே மொசாம்பிக் திலேப்பியா. அங்கிருந்து எப்படியோ இந்தோனேசியாவின் ஜாவா தீவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 1930-களில் அங்கே முஜைர் என்ற ஒருவர் கடலோரத்தில் இந்த மீனைப் பார்த்து, பிடித்துக் கொண்டுபோய் குளத்தில் வளர்த்திருக்கிறார். இன்றைக்கும் இந்தோனேசியாவில் இந்த மீனுக்கு முஜைர் என்றுதான் பெயர். அதற்குப் பிறகு இரண்டாம் உலக யுத்தம் வந்தது. யுத்த காலத்தில் ஜப்பான்காரர் கையில் இருந்த நாடுகளில் சாப்பாட்டுப் பஞ்சம். சீக்கிரம் பெருகுகிற மீன் என்பதால் இது நாடு நாடாகப் பரவியது. யுத்தம் முடிந்து 1952-ல் நம்ம ராமநாதபுரம் பக்கத்து மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் இருந்தது.

அந்தக் காலத்தில் நம்ம நாட்டிலும் அரிசி, கோதுமைக்கே தட்டுப்பாடு. குளம் குட்டையில் சும்மா கிடக்கிற பாசியைத் தின்று வளர்கிற மீன், தீனிச் செலவு இல்லாத மீன் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஏரி ஏரியாக, அணை அணையாக விட்டார்கள். கிருஷ்ணகிரி, வைகை, அமராவதி எல்லாவற்றிலும் ஜிலேபி பெருகியது. அமராவதி அணையில் பிடிபடும் மீனில் பெரும்பங்கு ஜிலேபிதான் என்கிற நிலைமையே வந்தது. திலேப்பியா என்ற பெயர் நம்ம சனங்க வாயில் நுழையாமல்தான் ஜிலேபி ஆகியிருக்க வேண்டும். இனிப்புக்கும் இதுக்கும் வேறு எந்தச் சம்பந்தமும் எனக்குத் தெரியவில்லை. நம்ம பக்கம் கன்னடம் பேசுகிறவர்களும் ‘ஜிலேபி மீனு’ என்றுதான் சொல்கிறார்கள்.

இவ்வளவு வேகமாகப் பெருகியதற்குக் காரணம் தாய் மீன். இதை எழுதாமல் விட எனக்கு மனசு வராது. ஏரித் தண்ணீர் குறையும்போது கரையோரச் சேற்றில் தட்டு தட்டாகக் குழி தெரியும், பார்த்திருப்பீர்கள். ஆடு மாடு கால் வைத்த குழி இல்லை அது. ஆண் ஜிலேபி வாயாலும் வாலாலும் தோண்டிய பள்ளம். பெண் மீன் அதில் முட்டை இடும். இட்ட முட்டையை அப்படியே விட்டுவிட்டுப் போகாது. நூற்றுக்கணக்கான முட்டையையும் தன் வாய்க்குள் அள்ளி வைத்துக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு நாள் வாய்க்குள்ளேயே முட்டை பொரிந்து குஞ்சாகிறது. அத்தனை நாளும் அந்தத் தாய் சரியாக ஒன்றும் சாப்பிடாது. குஞ்சுகளை வெளியே விட்ட பிறகும், ஏதாவது ஆபத்து என்றால் எல்லாம் மறுபடி ஓடிவந்து அம்மா வாய்க்குள் புகுந்துகொள்ளும். கெண்டை மீன் ஆயிரம் ஆயிரமாக முட்டை இடும், ஆனால் பெரும்பாலும் மற்ற மீனுக்கு இரையாகப் போகும். ஜிலேபி கொஞ்சமாக இட்டாலும் காப்பாற்றிவிடுகிறது. இரண்டு மூன்று மாதத்திலேயே குட்டி மீனும் தாயாகிவிடும்.

அங்கேதான் வினையும் வந்தது. ஒரே ஏரியில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போக, தீனி போதவில்லை. மீன் வளராமல் உள்ளங்கை அளவிலேயே நின்றது. அந்த அளவிலேயே அதுவும் முட்டை இட்டது. மற்ற மீன் குஞ்சுகளுக்கும் தீனி இல்லாமல் போனது. 1959-லேயே, அதாவது வந்து ஏழு வருஷத்தில், இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு இந்த மீனை இனிமேல் பரப்பக் கூடாது என்று முடிவு எடுத்துவிட்டது. ஆனால் தடை உத்தரவைப் படிக்க மீனுக்குத் தெரியாது. மழைக் காலத்தில் ஏரி நிரம்பி வழியும். ஒரு ஏரி மீன் அடுத்த ஏரிக்குப் போகும். சனங்களும் குடத்தில் பிடித்துக்கொண்டு போய் சொந்தக் கிணற்றில் விட்டார்கள். அப்படி ஊர் ஊராக வந்து, நம்ம அஞ்செட்டிப் பக்கத்துக் காட்டு ஏரி, தடுப்பணை வரைக்கும் வந்துவிட்டது. பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வருகிற காவிரித் தண்ணீரை அளக்கிறார்களே, அந்தக் காவிரியிலும் ஒகேனக்கல்லிலும் மேட்டூரிலும் ஜிலேபி உண்டு.

அரசாங்கம் வேண்டாம் என்று சொன்ன இந்த மீன்தான் ஏழைக்கு மீன் ஆனது. எப்படி என்றால், ஏரியில் மீன் பாசி ஏலம் நடக்கும். ஏலம் எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விடுவார். காசு போட்டு விட்ட மீன், அது அவர் சொத்து. நாம் போய்க் கை வைக்க முடியாது. ஜிலேபியை யாரும் காசு கொடுத்து விடவில்லை. அது தானாக இருக்கிறது, அவர் போட்ட தீனியையும் தின்கிறது. அதனால், “ஜிலேபி தானே, புடிச்சிட்டுப் போங்க” என்று விட்டுவிடுவார்கள். எங்க ஊரில் நான் கல்யாணமாகி வந்த புதிதில் கூட அப்படித்தான். சாயங்காலம் மாடு ஓட்டி வரும்போது பிள்ளைகள் ஒரு குச்சி, நரம்பு, முள் எடுத்துக்கொண்டு போகும். மண்புழு கிடைத்தால் மண்புழு, இல்லாவிட்டால் காலையில் மிஞ்சின ராகிக் களியில் ஒரு உருண்டை. களி உருண்டைக்கு ஜிலேபி மாதிரி ஓடி வருகிற மீன் வேறு கிடையாது. கோடையில் ஏரி வற்றி முழங்கால் தண்ணீர் ஆகும்போது பெண்களே இறங்கிவிடுவோம். பழைய புடவையை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து அரித்தால் போதும். அடி இல்லாத மூங்கில் கூடையைச் சேற்றில் கவிழ்த்து, மேலே கைவிட்டுத் துழாவி எடுப்பவர்களும் உண்டு. முதுகு முள் மட்டும் ஜாக்கிரதை. குத்தினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும்.

விற்கும்போதும் எடை கிடையாது, கூறுதான். சந்தையில் ஒரு கூறு வாங்கினால் ஐந்தாறு பேர் இருக்கிற வீட்டுக்கு ஒரு வேளைக் குழம்பு. ஆட்டுக்கறி தீபாவளிக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும், கோழி விருந்தாளி வந்தால். வாரத்தில் ஒரு நாளாவது நாக்குக்கு ருசியாகவும் பிள்ளைக்குச் சத்தாகவும் ஏதாவது கிடைத்தது என்றால், நிலம் இல்லாத வீடுகளில் அது பெரும்பாலும் இந்த மீன்தான்.

சமைக்கிற விஷயம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. இருந்தாலும் இரண்டு வார்த்தை. ஜிலேபியைக் கல்லில் உப்புப் போட்டு உரசிச் செதில் எடுத்த பிறகு, வயிற்றுக்குள் கறுப்பாக ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். அதை முழுசாக உரித்து எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் குழம்பு வைத்துவிட்டு மீன் மேல் குற்றம் சொல்பவர்கள் நிறைய. சேற்று வாடை என்பது தண்ணீரில் இருக்கிற ஒரு வகைப் பாசியாலும் நுண்ணுயிராலும் மீன் உடம்பில் ஏறுவது. உயிர் மீன் கிடைத்தால் ஒரு நாள் இரண்டு நாள் நல்ல தண்ணீர்த் தொட்டியில் தீனி போடாமல் விட்டு வைத்தால் வாடை குறைந்துவிடும். அப்படி முடியாதபோது உப்பும் மஞ்சளும் புளித் தண்ணீரும். எங்க வீட்டில் மோரில் ஊற வைத்தும் கழுவுவோம்.

ராகிக் களியும் ஜிலேபிக் குழம்பும் நம்ம பக்கத்துச் சாப்பாடு என்று பெருமையாகச் சொல்கிறோம். கட்டுரைக்காக விசாரித்தபோது ஒன்று தெரிந்தது. ராகியும் ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தானியம்தானாம். குழம்பில் போடுகிற மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தவை. ஏலதாரர் விடுகிற கட்லாவும் ரோகுவும் கூட காவிரி மீன் இல்லை, வடக்கே கங்கைப் பக்கத்து மீன்கள். அந்தத் தட்டில் நம்ம ஊருக்கே சொந்தம் என்று எதைச் சொல்வது? புளியையும் சொல்ல முடியாது, அதுவும் ஆப்பிரிக்கா என்கிறார்கள். தண்ணீர் மட்டும்தான் மிச்சம்!

அதற்காக ஜிலேபி வந்ததால் நஷ்டமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மாமியார் சொல்கிற குரவையையும் ஆராலையும் என் பிள்ளைகள் எங்க ஏரியில் பார்த்ததில்லை. ஜிலேபி மட்டும் காரணம் இல்லைதான். ஏரி தூர்ந்து போனது, வயலுக்கு அடிக்கிற மருந்து, மழை தவறினது எல்லாம் சேர்ந்திருக்கு. ஆனால் மற்ற மீனின் முட்டையையும் குஞ்சுத் தீனியையும் இது தின்கிறது என்பது உண்மை. ஒரு தரம் ஏரிக்குள் போய்விட்டால் திரும்ப எடுக்கவே முடியாது என்பதும் உண்மை. இதைக் கீழே மறுபடி சொல்லப் போகிறேன், ஞாபகம் வச்சுக்குங்க.

இன்னொரு விஷயம் தண்ணீர். ஏரி மீன், ஆற்று மீன் என்றால் தானாக வளர்ந்தது, சுத்தமானது என்று நாம் நினைக்கிறோம். ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையைப் பாருங்கள். தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து பெங்களூர் ஓரமாக வருகிற ஆறு. நகரத்துச் சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் கலந்து, மழைக் காலத்தில் அணை மதகு திறந்தால் வெள்ளை நுரை மலை மாதிரி பொங்குவதை டிவியில் எத்தனை தடவை காட்டினார்கள். ஜிலேபி ஒரு முரட்டு மீன். மற்ற மீன் மூச்சு முட்டிச் சாகிற தண்ணீரிலும் அது பிழைத்துக் கிடக்கும். காற்றுக் குறைந்த தண்ணீர், உப்புத் தண்ணீர், எல்லாம் தாங்கும். அதனால் என் கணக்கு தலைகீழ். கெண்டையும் கெளுத்தியும் உளுவையும் இருக்கிற ஏரியில் கிடைத்த ஜிலேபியை நம்பி வாங்குவேன். ஜிலேபியைத் தவிர வேறு மீனே இல்லாத ஏரி என்றால், அந்தத் தண்ணீரில் என்ன கலக்கிறது என்று முதலில் கேட்பேன். நம்ம அஞ்செட்டி மலைப் பக்கம் கம்பெனி கிடையாது, அது நமக்கு ஒரு கொடுப்பினை. ஆனால் சந்தைக்கு வருகிற மீன் எங்கே பிடித்தது என்று மீன்காரம்மாவிடம் கேட்டு வாங்குகிற பழக்கம் நமக்கு இல்லை.

இனி வளர்ப்பு ஜிலேபிக்கு வருகிறேன். இதைத்தான் கிஃப்ட் திலேப்பியா என்கிறார்கள். பரிசாக இலவசமாகக் கொடுப்பது என்று சில பேர் நினைத்துவிட்டார்கள். அது நீளமான ஒரு ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகள். இது நம்ம பழைய கறுப்பு ஜிலேபி இல்லை, அதற்குப் பங்காளி முறை. நைல் நதி திலேப்பியா. எகிப்து நாட்டில் ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய கல்லறைச் சுவர்களில் இந்த மீனின் படம் வரைந்திருக்கிறது. அடையாளம் சுலபம். வாலில் வரி வரியாகக் குறுக்குக் கோடு தெரிந்தால் நைல் வகை. கறுத்துப் போய், துடுப்பு ஓரம் சிவந்து இருந்தால் பழைய ஆண் ஜிலேபி. இரண்டும் கலந்து பிறந்த கலப்பு ஜிலேபியும் இப்போது நிறைய.

1988-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் ஒரு ஆராய்ச்சி தொடங்கினார்கள். எகிப்து, கானா, கென்யா, செனகல் ஆகிய நாலு நாட்டு ஆறு ஏரிகளிலிருந்து மீன் பிடித்து வந்தார்கள். ஆசியாவில் ஏற்கெனவே வளர்த்துவந்த மீன்களையும் சேர்த்தார்கள். இனத்தோடு இனம் சேர்த்து, நன்றாக வளர்கிறதை மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தார்கள். நாம் நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு எடுத்து வைக்கிற அதே வேலைதான். ஊசி போட்டு உருவாக்கின மீன் இல்லை அது. இதில் எனக்கு ஒரு சந்தோஷம், அதற்கு அடுத்த வருஷம் 1989-ல்தான் தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுவும் தொடங்கியது. அதுவும் நம்ம மாவட்டத்தில். அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்லை, 2004 வரைக்கும் தர்மபுரியோடு இருந்தது. அந்தத் தர்மபுரியில்தான் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம் உதவியோடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் முதல் குழுக்களை அமைத்தது.

அந்த மீன் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை செய்தவர்களில் ஒருவர் ஆந்திராவில் பிறந்த மொதடுகு விஜய் குப்தா. வங்காள தேசத்தில் ரோட்டோரப் பள்ளத்திலும் வீட்டுக்குப் பின்னால் மழைத் தண்ணீர் நிற்கிற குழியிலும் திலேப்பியா போன்ற சீக்கிரம் வளர்கிற மீன்களை வளர்க்க ஏழைப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர். பெண்கள் வீட்டை விட்டு வெளியே வரவே யோசிக்கிற ஊர்களில் அது நடந்தது. 2005-ல் அவருக்கு உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். இந்த மாதிரிப் பெயரெல்லாம் நம்ம பயிற்சிகளில் சொன்னால் என்ன?

இந்தியாவில் 1959 தடையைத் தளர்த்தி, 2009-ல் விதிமுறையோடு பண்ணைகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். நம்ம சீர்காழியைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் விஜயவாடா பக்கத்தில் கிஃப்ட் இனத்தைக் கொண்டுவந்து பெருக்கியது. இப்போது நம்ம கிருஷ்ணகிரியிலும் குஞ்சு கிடைக்கிறது. பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையமும் இருக்கிறது.

பண்ணையில் ஆண் குஞ்சு மட்டும்தான் விட வேண்டும் என்பது விதிமுறை. காரணம் மேலே எழுதிய தாய்தான். அவள் வாயில் முட்டையை வைத்துப் பட்டினி கிடப்பதால் வளர மாட்டாள். பெண் இருந்தால் குட்டையில் குஞ்சு பெருகி எல்லாமே குட்டை மீனாகிவிடும். ஆணை மட்டும் விட்டால் ஆறு மாதத்தில் அரைக் கிலோ வரும். இதைப் பயிற்சியில் சொன்னபோது பின்னால் இருந்து ஒரு பாட்டி கேட்டாங்க, “மீனுலயும் பொண்ணு வேணாமா?” என்று. எல்லாரும் சிரித்தோம், ஆனால் நான் முழுசாகச் சிரிக்கவில்லை. பெண் குழந்தையைக் காப்பாற்ற 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்து, பிறகு தர்மபுரிக்கும் நீட்டித்தார்கள். அந்த வரலாறும் நம்ம மண்ணோடதுதான்.

‘ஊசி போடுறாங்க’ என்கிற பேச்சு எங்கிருந்து வந்தது என்றால் இதிலிருந்துதான். ஊசி இல்லை. குஞ்சு பொரிப்பகத்தில், ரொம்பச் சின்னக் குஞ்சாக இருக்கும்போது முதல் மூன்று நாலு வாரம் தீனியில் ஹார்மோன் கலந்து கொடுப்பார்கள். அதனால் எல்லாம் ஆணாக வளரும். அதற்குப் பிறகு ஐந்தாறு மாதம் சாதாரணத் தீனிதான். விற்கிற மீனில் அந்த மருந்து தங்குவதில்லை என்று ஆராய்ச்சி செய்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் அந்த மருந்து கலக்கிற வேலை பொரிப்பகத்தோடு நிற்க வேண்டும். நம்ம வீட்டில் யாரும் அதைத் தொடக் கூடாது. தடை செய்த ஆப்பிரிக்கன் கெளுத்தி வளர்க்கிற ஆட்கள் கோழிக் கழிவைக் கொட்டி வளர்ப்பதைக் கேள்விப்பட்டு, எல்லா வளர்ப்பு மீனுமே அப்படித்தான் என்று நினைக்கிறவர்களும் உண்டு. அது வேறு, இது வேறு.

ருசி? உண்மையைச் சொன்னால் குழம்புக்கு ஏரி ஜிலேபிதான். சின்னதாக இருந்தாலும் கெட்டியான சதை, மசாலா இறங்கும். வளர்ப்பு ஜிலேபி மெத்தென்று, கொழுப்பாக இருக்கும். வறுவலுக்கு நன்றாக வரும், பிள்ளைகளுக்கு முள் எடுத்துக் கொடுக்கவும் சுலபம். எங்க வீட்டுக்காரருக்கு வறுவல்தான் பிடிக்கும், எனக்குக் குழம்பு. இதில் சண்டை போட ஒன்றுமில்லை.

பணக் கணக்கில்தான் யோசனை வேண்டும். பிரதம மந்திரி மீன்வளத் திட்டம் 2020-ல் வந்தது. அதில் பெண்களுக்கு 60 சதவீதம் வரை மானியம், பொதுப் பிரிவு ஆண்களுக்கு 40 தான். அதனால் பல வீடுகளில் பெண் பெயரில் மனு போட்டுவிட்டு, குட்டையும் கணக்கும் ஆண் கையில் இருக்கும். கையெழுத்துப் போடுகிற அக்கா தீனி மூட்டை விலையாவது தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட வேண்டும். செலவில் பெரும்பகுதி தீனிக்குத்தான் போகிறது. மானியம் முதலில் நம் கையில் வராது, செலவு செய்த பிறகுதான் வரும். நடுவில் குழுக் கடன் வட்டி ஓடும்.

முன்னே ஞாபகம் வைக்கச் சொன்னது இதற்குத்தான். கிஃப்ட் மீன் பண்ணைக் குட்டைக்கு மட்டும் உரியது. ஏரியிலும் ஆற்றிலும் விடக் கூடாது. குட்டைக்கு மீன்வளத் துறையில் பதிவு வேண்டும், தண்ணீர் வெளியே போகிற வாயில் வலை வேண்டும், வெள்ளம் ஏறுகிற இடத்தில் குட்டையே கூடாது. நம்ம நிலங்கள் பல தொட்டஹல்லா ஓரம் இருக்கின்றன. ஐப்பசி மழையில் தொட்டஹல்லா எப்படி ஓடும் என்று உங்களுக்குத் தெரியும். அது நேராகக் காவிரியில்தான் போய்ச் சேர்கிறது. 1952-ல் விட்டதையே இன்னும் யாராலும் திருப்பி எடுக்க முடியவில்லை. பள்ளத்தை ஒட்டின குட்டைக்கு கிஃப்ட் வேண்டாம், கட்லா, ரோகு போதும் என்பது என் கருத்து. மேட்டு நிலத்தில் குட்டை வைத்திருப்பவர்கள் தாராளமாக வளர்க்கலாம்.

ஏரி விஷயம் தனி. இப்போது ஓசூரில் வெளிமாநிலத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் அதிகம், மீன் வாங்குகிற ஆட்களும் அதிகம். ஜிலேபிக்கும் எடை போட்டு விலை வந்துவிட்டது. வண்டி ஏரிக் கரைக்கே வருகிறது. அதனால் ஏலம் எடுத்தவர்கள் “ஜிலேபி தானே” என்று சொல்வதை நிறுத்திவிட்டார்கள். தூண்டிலோடு போகிற பிள்ளைகளை விரட்டுகிறார்கள். யாரும் விடாத, யாரும் தீனி போடாத மீனுக்கும் சொந்தக்காரர் வந்துவிட்டார். கூறு வாங்கித் தின்ற வீடுகளுக்கு இப்போது கிலோ விலை கட்டாது.

அடுத்த ஏலத்தில் எங்க ஊர் ஏரியைக் குழுக்கள் சேர்ந்து எடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். எடுத்தால் நாமும் ஏலதாரர்தான், நமக்கும் கடன் கட்ட வேண்டியிருக்கும், நமக்கும் விரட்டத் தோன்றும். அதனால் ஏரியை எடுப்பதற்கு முன்னாலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். வலை போட யாருக்கும் அனுமதி இல்லை. ஆனால் தூண்டில் போட்டு வீட்டுக் குழம்புக்கு ஜிலேபி பிடிக்கிறவர்களை, குழுவில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தடுக்கக் கூடாது. கோடையில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்த பிறகு, குழு வலை இழுத்து முடித்த மறுநாள், ஏரியை ஊர்ப் பெண்களுக்குத் திறந்துவிட வேண்டும். மூன்று குழு சம்மதித்திருக்கிறது. இரண்டு குழு கணக்குப் பார்த்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.